பெயர் தெரிந்தால் போதுமா?
பொருளின் பயனையும் மனிதரின் நோக்கத்தையும் காணக் கற்கும் கணிப்பொறிகள்



ஒருவர் இரண்டு கைகளிலும் புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு, மூடியிருக்கும் ஓர் அலமாரியை நோக்கி நடந்து வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அலமாரியின் முன் வந்ததும் கதவில் முட்டி நிற்கிறார். அருகில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுந்து சென்று கதவைத் திறந்து விடுவீர்கள். அவர் உங்களிடம் உதவி கேட்கவில்லை. 'கதவைத் திற' என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்த்தீர்கள், புரிந்து கொண்டீர்கள்.

இது பெரியவர்களுக்கு மட்டுமே உரிய திறமை அன்று. ஜெர்மனியில் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்னும் இருவர், இதே நிகழ்ச்சியை 18 மாதக் குழந்தைகளின் முன் நடத்திக் காட்டினர். இன்னும் கோவையாகப் பேச வராத அக்குழந்தைகளில் பலர், தத்தித் தத்தி நடந்து சென்று அலமாரிக் கதவைத் திறந்து விட்டனர். இந்த ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இதே காட்சியைக் காமிரா பொருத்திய ஒரு கணிப்பொறிக்குக் காட்டினால் என்ன ஆகும்? 'மனிதர், புத்தகம், அலமாரி' என்று மூன்று பெயர்களை அது பிழையின்றிச் சொல்லிவிடக்கூடும். ஆனால் கதவைத் திறக்க வேண்டுமென்று அதற்குத் தோன்ற வேண்டுமானால், பெயர்களுக்கு மேலாக இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அலமாரி எதற்குப் பயன்படுவது என்பது. மற்றொன்று, வந்தவர் என்ன செய்ய எண்ணுகிறார் என்பது. முன்னதைப் பொருளின் பயன் என்றும், பின்னதை மனிதரின் நோக்கம் என்றும் கூறலாம். இவ்விரண்டையும் கண்ணால் கண்டே அறியும்படி கணிப்பொறியைப் பழக்குவது எப்படி? அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

எண்களே படம்

முதலில் கணிப்பொறியின் 'கண்' எதைக் காண்கிறது என்று பார்ப்போம். ஒரு சாதாரண எண்முறைக் காமிரா, காட்சியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. இவற்றைப் படப்புள்ளிகள் என்கிறோம். அகலவாட்டில் 640, உயரவாட்டில் 480 புள்ளிகள் இருந்தால் மொத்தம் 640 × 480 = 3,07,200 புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படமாயின், ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. ஆக, கணிப்பொறியைப் பொறுத்தவரை படம் என்பது மூன்று லட்சம் எண்கள் அடங்கிய ஓர் அட்டவணையே. அதில் அலமாரி எங்கே? மனிதர் எங்கே? எல்லாம் எண்களே!

இந்த எண்களிலிருந்து பொருள்களைப் பிரித்தறிவது எளிது என்றுதான் தொடக்கத்தில் அறிஞர்கள் எண்ணினர். அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில், 1966-ஆம் ஆண்டு சேமூர் பேப்பர்ட் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். கோடை விடுமுறையில் மாணவர்களைக் கொண்டு பார்வை அமைப்பின் கணிசமான பகுதியை உருவாக்கிவிடலாம் என்பது அத்திட்டம். அந்தக் கோடை முடிந்தது. அதன் பின் பல கோடைகளும் முடிந்தன. வேலை மட்டும் முடியவில்லை!

பெரிய முன்னேற்றம் 2012-இல் வந்தது. கனடாவின் டொரான்டோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவர், செயற்கை நரம்புப் பின்னல் என்னும் கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தினர். ஏறத்தாழ 12 லட்சம் படங்களை, ஒவ்வொன்றிலும் உள்ள பொருளின் பெயருடன் கணிப்பொறிக்குக் காட்டினர். கணிப்பொறி ஒரு விடை சொல்லும். அது தவறாயின் பின்னலுக்குள் இருக்கும் எண்கள் சிறிதளவு மாற்றப்படும். இவ்வாறு திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு அது கற்றது. ஒரு போட்டியில் 1000 வகைப் பொருள்களை அடையாளம் காண வேண்டியிருந்தது. ஒரு படத்துக்கு ஐந்து பெயர்கள் வரை சொல்லலாம் என்பது விதி. அதில் இம்முறையின் பிழை 15.3 விழுக்காடு. இரண்டாம் இடம் பெற்ற முறைக்கோ 26 விழுக்காட்டுக்கு மேல் பிழை. அன்று முதல் பொருளுக்குப் பெயர் சொல்லும் கலையில் கணிப்பொறி வெகு வேகமாக முன்னேறி வருகிறது.

ஆனால் பெயரை மட்டும் கற்ற கணிப்பொறி, வாய்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்து கணக்குப் போடத் தெரியாத மாணவனைப் போன்றது. 'நாற்காலி' என்று சொல்லும். அதில் உட்காரலாம் என்பது அதற்குத் தெரியாது.

நாற்காலிக்கு நான்கு கால் வேண்டுமா?

நாற்காலி என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். நான்கு கால் உடையது என்பது அதன் பொருள். மூன்று கால் இருந்தால் முக்காலி. நம் முன்னோர் வடிவத்தைக் கொண்டு பெயரிட்டனர். ஆனால் அலுவலகங்களில் காணும் சுழல் நாற்காலிக்கு நடுவில் ஒரே ஒரு தண்டு. அடியில் ஐந்து சக்கரங்கள். அதையும் நாற்காலி என்றே அழைக்கிறோம்! மேசைக்கு நான்கு கால்கள் உண்டு. அதை நாற்காலி என்பதில்லை. ஆகவே கால்களை எண்ணிக் கொண்டிருந்தால் பயனில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்து உளவியலறிஞர் ஜேம்ஸ் கிப்சன், இதற்கு வேறொரு வழி காட்டினார். நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது, அதன் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் காண்பதில்லை. அது நமக்கு என்ன செய்ய இடம் தருகிறது என்பதையும் நேரடியாகவே காண்கிறோம் என்றார் அவர். முழங்கால் உயரத்தில் உறுதியான சமதளம் இருந்தால், அது 'உட்கார இடம் தருகிறது'. கைப்பிடி 'பிடிக்க இடம் தருகிறது'. இதனை நாம் 'செயல்வாய்ப்பு' என்று அழைப்போம். 1977-இல் ஒரு கட்டுரையிலும், 1979-இல் வெளிவந்த நூலிலும் அவர் இக்கருத்தை விளக்கினார்.

இந்த எண்ணத்தைக் கணிப்பொறிக்குப் புகட்டியவர்களுள் லூயிஸ் ஸ்டார்க், கெவின் போயர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தென் ஃபுளோரிடா பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய இவர்களின் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. நாற்காலியின் படங்களைக் காட்டாமல், நாற்காலியின் வேலையை அவர்கள் கணிப்பொறிக்குக் கூறினர். முப்பரிமாண உருவம் ஒன்றைக் கொடுத்தால், கணிப்பொறி பின்வருவன போன்ற கேள்விகளைக் கேட்டு விடை காணும்:

1. உட்காரப் போதுமான பரப்புள்ள சமதளம் உள்ளதா?
2. அத்தளம் தரையிலிருந்து ஏற்ற உயரத்தில் உள்ளதா?
3. அதற்கு மேலும் முன்னும், மனித உடலுக்கு இடம் காலியாக உள்ளதா?
4. எடை ஏற்றினாலும் சாயாமல் நிற்குமா?

நான்காவது கேள்வி நம் பௌதிகப் பாடத்தில் வருவதே அல்லவா? ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக்கோடு, அதன் அடித்தளத்துக்குள் விழுந்தால் பொருள் நிலையாக நிற்கும். வெளியே விழுந்தால் சாயும். கணிப்பொறி செய்வதும் இக்கணக்கையே. இப்படிப் பார்க்கும் கணிப்பொறிக்குக் கவிழ்த்து வைத்த வாளியும் உட்காரும் பொருளே; அகன்ற மரக்கட்டையும் உட்காரும் பொருளே. முன்பின் கண்டிராத வடிவமாயினும் அது திகைக்காது.

2011-ஆம் ஆண்டில் ஹெல்மட் கிராப்னர் முதலிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். உட்கார்ந்த நிலையிலுள்ள மனித உருவ மாதிரி ஒன்றைக் கணிப்பொறிக்குள் அமைத்து, அதை ஒவ்வொரு பொருளின் மீதும் வைத்துப் பார்க்கச் செய்தனர். உருவம் எங்கே முட்டாமல், தொங்காமல் பொருந்துகிறதோ, அங்கே உட்காரலாம். துணிக்கடையில் சட்டையை உடம்பில் வைத்துப் பார்ப்பது போன்றதே இது!

யாருக்குப் பயன்?

செயல்வாய்ப்பு பொருளுக்குள் மட்டும் ஒளிந்திருப்பதன்று. பொருளுக்கும் உடலுக்கும் உள்ள உறவு அது. 1984-இல் வில்லியம் வாரன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்தே காட்டினார். உயரமானவர்கள், குட்டையானவர்கள் என இரு குழுவினருக்கு வெவ்வேறு உயரமுள்ள படிகளின் படங்களைக் காட்டி, கையை ஊன்றாமல் காலால் மட்டும் ஏற முடியுமா என்று கேட்டார். இரு குழுவினரும் சொன்ன எல்லை உயரம் வேறு வேறு. ஆனால் அதை அவரவர் கால் நீளத்தால் வகுத்தால் இரண்டும் ஒன்றாகவே வந்தது. அந்த விகிதம் 0.88.

ஒரு கணக்குப் பார்ப்போம். கால் நீளம் 80 செ.மீ. உள்ளவருக்கு எல்லை உயரம் 80 × 0.88 = 70.4 செ.மீ. கால் நீளம் 90 செ.மீ. உள்ளவருக்கு 79.2 செ.மீ. எனவே 75 செ.மீ. உயரமுள்ள ஒரு திட்டு, ஒருவருக்குப் படி, மற்றவருக்குச் சுவர்! முதியவருக்கு உதவப்போகும் எந்திரன் ஒன்று, இளைஞரின் அளவுகளைக் கொண்டு உலகைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அசைவில் தெரியும் நோக்கம்

பொருளின் பயனைக் கண்டோம். இனி மனிதரின் நோக்கத்துக்கு வருவோம். நோக்கம் மனத்துக்குள் இருப்பது. அதைக் காமிரா எவ்வாறு காணும்? நேராகக் காண முடியாதுதான். ஆனால் நோக்கம் அசைவில் தன் சுவட்டைப் பதித்துச் செல்கிறது.

ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் ஆகிய இருவரும் 1944-இல் ஒரு சிறு சலனப் படத்தைப் பலருக்குக் காட்டினர். அதில் மனிதர்களே இல்லை. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் பகுதியுடன் ஒரு செவ்வகம், அவ்வளவே. அவை இங்குமங்கும் நகர்ந்தன. என்ன கண்டீர்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழ எல்லாருமே ஒரு கதையைச் சொன்னார்கள்: பெரியவன் துரத்துகிறான், சிறியவன் எதிர்க்கிறான், வட்டம் பயந்து வீட்டுக்குள் ஒளிகிறது! வெறும் கோட்டு வடிவங்களின் அசைவிலேயே மனிதக் கண் நோக்கத்தைப் படித்துவிடுகிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் ஜோஹான்சன் 1973-இல் வெளியிட்ட சோதனை இன்னும் வியப்பானது. ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருளில் படம் பிடித்தார். அவர் அசையாமல் இருந்தபோது, பார்த்தவர்களுக்கு வெறும் புள்ளிக் கூட்டமே தெரிந்தது. அவர் நடக்கத் தொடங்கியதும், 'மனிதர் நடக்கிறார்' என்று உடனே கண்டுகொண்டனர். முகம் வேண்டாம், உடை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் அசைவே போதும்!

குழந்தைகளும் இவ்வகையில் கெட்டிக்காரர்களே. அமாண்டா உட்வர்டு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பொம்மைகளுள் ஒன்றை ஒரு கை எடுப்பதைக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். பின்னர் பொம்மைகளை இடம் மாற்றி வைத்தார். கை பழைய இடத்துக்கே சென்று புதிய பொம்மையைப் பிடித்தபோது, 6 மாதக் குழந்தையும் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தது. கை போன பாதையை அல்ல, கை நாடிய பொருளையே அது கவனித்திருக்கிறது என்பது இதன் கருத்து.

ஆம்! கை எதை நாடுகிறது, அந்தப் பொருள் எதற்கு இடம் தருகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த செயலை ஊகிக்கலாம். பயனும் நோக்கமும் இங்கேதான் கைகோத்துக் கொள்கின்றன.

அடுத்து நடப்பது என்ன?

இந்த ஊகத்தைக் கணிப்பொறி செய்வதற்கு, மனித உடலின் மூட்டுகள் எங்கே உள்ளன என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிடைத்தது. 2010-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கைனெக்ட் என்ற விளையாட்டுச் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை பொருள்களின் மீது விழும் இடத்தை ஒரு காமிராவால் பார்த்தது. வீசும் பகுதியும் காமிராவும் சற்றுத் தள்ளித் தள்ளி இருந்ததால், பொருளின் தூரத்துக்கு ஏற்பப் புள்ளிகள் இடம் பெயர்ந்து தெரிந்தன. அந்த இடப்பெயர்ச்சியிலிருந்து தூரம் கணக்கிடப்பட்டது. கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் அருகில் இருந்தால் அதிகமாகவும், தொலைவில் இருந்தால் குறைவாகவும் இடம் மாறித் தோன்றும். தத்துவம் இதுவே.

கார்னெல் பல்கலைக் கழகத்தில் ஹேமா கொப்புல, அசுதோஷ் சக்சேனா ஆகியோர் இச்சாதனத்தைக் கொண்டு நான்கு பேரின் அன்றாடச் செயல்களை 120 படத்துண்டுகளாக எடுத்தனர். மருந்து உண்பது, பாத்திரம் அடுக்குவது, உணவைச் சூடாக்குவது போன்ற பத்து வகைச் செயல்கள் அவற்றில் இருந்தன. அதே குவளை ஒரு கணத்தில் 'எடுக்கத் தக்கது', அடுத்த கணத்தில் 'ஊற்றத் தக்கது', பின்னர் 'குடிக்கத் தக்கது' என்று மாறி வருவதைக் கணிப்பொறி கற்றது. 2013-இல் அவர்கள் காட்டிய எந்திரன், கையில் பாத்திரத்துடன் குளிர்பதனப் பெட்டியை நோக்கி நடப்பவரைக் கண்டதும் கதவைத் திறந்து விட்டது. கோப்பையை ஒருவர் எடுக்கப் போகிறார் என்று தெரிந்தால், பானம் ஊற்றாமல் காத்திருந்தது. லைப்சிக் குழந்தைகள் செய்ததை ஓர் எந்திரனும் செய்துவிட்டது! எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த எந்திரன் பழகிய சில செயல்களுக்குள் மட்டுமே கெட்டிக்காரன். மேலும், ஒரு விநாடிக்குப் பின் நடக்கப் போவதை ஊகிப்பதைவிடப் பத்து விநாடிக்குப் பின் நடக்கப் போவதை ஊகிப்பதில் அது அதிகம் தவறியது.

ஊகத்தின் கணக்கு

ஊகம் என்றால் குருட்டாம்போக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கும் கணக்கு உண்டு. தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் நிகழ்தகவு விதி அது. அவர் மறைந்த பின் 1763-இல் வெளியாயிற்று.

ஒரு மேசையின் மேல் தண்ணீர்க் குவளை, புத்தகம், மாத்திரைப் புட்டி ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒருவர் கையை நீட்டுகிறார். எதை எடுக்கப் போகிறார்? முன்பு கவனித்ததில் 100 முறைக்கு 50 முறை குவளையையும், 40 முறை புத்தகத்தையும், 10 முறை புட்டியையும் எடுத்தார் எனக் கொள்வோம். இப்போது அவருடைய விரல்கள் வளைந்து அகன்றிருக்கின்றன. இத்தகைய பிடி, குவளையை எடுக்கும்போது 100-க்கு 80 முறையும், புத்தகத்துக்கு 10 முறையும், புட்டிக்கு 40 முறையும் காணப்படும் எனக் கொள்வோம். இவை நாம் கணக்குக்காக எடுத்துக் கொண்ட எண்களே.

குவளை: 50 × 0.8 = 40
புத்தகம்: 40 × 0.1 = 4
புட்டி: 10 × 0.4 = 4
கூட்டுத்தொகை: 48

எனவே குவளைக்கான நிகழ்தகவு 40/48. அதாவது ஏறத்தாழ 83 விழுக்காடு. விரல்களைப் பார்க்கும் முன் 50 விழுக்காடாக இருந்த நம்பிக்கை, பார்த்தபின் 83 ஆக உயர்ந்துவிட்டது. புத்தகம் 40-லிருந்து 8 விழுக்காடாகச் சரிந்தது. கை மேலும் நகர நகர இக்கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, கணிப்பொறி தன் ஊகத்தைத் திருத்திக்கொண்டே செல்லும்.

ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரைப் புட்டிக்கு இன்னும் 8 விழுக்காடு மீதி இருக்கிறது. எடுப்பவர் ஒரு சிறு குழந்தையாக இருந்தால், அந்த 8 விழுக்காட்டைப் புறக்கணிக்கலாமா? கூடாது. குறைந்த வாய்ப்பு என்பது இல்லாத வாய்ப்பு அன்று. எது அதிகம் நடக்கக்கூடும் என்பதோடு, எது நடந்தால் கேடு அதிகம் என்பதையும் கணிப்பொறிக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஓர் இரவில் நடந்த விபத்து

பயனையும் நோக்கத்தையும் காணத் தவறினால் நேரும் கேட்டுக்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கி மோட்டார் கார் ஒன்று, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் மீது மோதியது. அவர் உயிரிழந்தார். அவர் தம் சைக்கிளில் ஏறியிருக்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு நடந்து சென்றார்.

அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. கார் மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் சென்றது, அதாவது விநாடிக்கு 19.4 மீட்டர். அந்நேரத்தில் இடையே இருந்த தூரம் 19.4 × 5.6, ஏறத்தாழ 109 மீட்டர். வேகம் ஒவ்வொரு விநாடியும் 7 மீ/வி வீதம் குறையும்படி பிரேக் போட்டால், கார் நிற்கத் தேவையான தூரம், வேகத்தின் வர்க்கத்தை முடுக்கக் குறைவின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 19.4 × 19.4 ÷ 14, ஏறத்தாழ 27 மீட்டர். தூரம் தாராளமாக இருந்தது. பின் ஏன் மோதியது?

கணிப்பொறி அவரை ஒரு முறை 'வாகனம்' என்றது. ஒரு முறை 'வேறு பொருள்' என்றது. பின்னர் 'சைக்கிள்' என்றது. பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும், அதற்கு முன் அவர் எங்கே இருந்தார், எங்கிருந்து எங்கே நகர்ந்தார் என்ற வரலாற்றைக் கைவிட்டு, புதிதாகக் கண்ட பொருளைப் போலக் கணக்கைத் தொடங்கியது. நகர்ந்த தடம் இல்லாமல் போகும் திசையை எப்படி ஊகிப்பது? மேலும், பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அதன் நிரலில் கருதப்படவில்லை. அவர் காரின் பாதையில் வருகிறார் என்று அது முடிவு செய்தபோது மீதம் இருந்தது 1.2 விநாடி. அதற்குரிய தூரம் 23 மீட்டர்; நிற்கத் தேவையோ 27 மீட்டர். காரில் கண்காணிப்புக்காக அமர்ந்திருந்தவர் சாலையைக் கவனிக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததையே விபத்துக்கு முதற்காரணமாக வாரியம் குறிப்பிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? தள்ளிச் செல்லும் சைக்கிள், அந்த நேரத்தில் ஏறிச் செல்லும் வண்டி அன்று, நடப்பவரின் கைச்சுமை. ஒரு சிறுவன் பார்த்தாலும் 'யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்' என்பான். பொருளின் பெயர் எதுவாக இருந்தால் என்ன? அந்தப் பக்கம் போகிறார் என்பதல்லவா முக்கியம்! பெயருக்காகத் தடுமாறிய கணிப்பொறி, போக்கைக் கோட்டை விட்டது.

அருவாமனையைக் கண்டால்?

கணிப்பொறி காட்டியதைத்தான் கற்கும் என்பதை இன்னொரு கோணத்திலும் பார்ப்போம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் தலைமையில், 2018-இல் சமையலறைப் படத்தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டது. 32 பேர் தலையில் சிறு காமிராவைக் கட்டிக்கொண்டு, தத்தம் வீட்டுச் சமையலறைகளில் வழக்கம்போல் வேலை செய்தனர். 55 மணி நேரப் படம் சேர்ந்தது. ஒரு செயல் தொடங்குவதற்கு ஒரு விநாடி முன்பே அது என்ன செயல் என்று சொல்ல வேண்டும் என்பது, இதைக் கொண்டு கணிப்பொறிகளுக்கு வைக்கப்படும் தேர்வுகளுள் ஒன்று.

அந்த வீடுகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள நான்கு நகரங்களைச் சேர்ந்தவை. அங்கே காய் நறுக்கும்போது காய் பலகையில் கிடக்கும், கத்தி அசையும். நம் வீட்டு அருவாமனையிலோ கத்தி அசையாமல் நிற்கிறது. காய்தான் கையோடு நகர்கிறது! 'அசைவது கருவி, கிடப்பது பொருள்' என்று கற்ற கணிப்பொறி, அருவாமனையின் முன் அமர்ந்திருப்பவரைப் பார்த்து என்ன நினைக்கும்? நறுக்கும் வேலையையே அது காணாமல் போகலாம். நம் வாழ்க்கை முறைக்கு உதவும் எந்திரன் வேண்டுமானால், நம் வீடுகளின் பயனையும் பழக்கத்தையும் அதற்குக் காட்டியாக வேண்டும். அந்த வேலை உங்கள் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

படங்களையும் சொற்களையும் சேர்த்துக் கற்ற இன்றைய கணிப்பொறி நிரல்கள், 'இது எதற்குப் பயன்படும்?' என்று படத்தைக் காட்டிக் கேட்டால் வாக்கியமாகவே விடை சொல்கின்றன. இது பெரிய முன்னேற்றமே. ஆனாலும் சொல்லத் தெரிந்ததாலேயே, ஓடும் காரில் சரியான விநாடியில் செயல்படத் தெரிந்துவிட்டது என்று ஆகாது. அதோடு, கணிப்பொறி சொல்லும் 'நோக்கம்' எப்போதும் ஒரு நிகழ்தகவே என்பதையும் மறக்கலாகாது. கதவைத் திறந்துவிட 83 விழுக்காடு போதும். தவறினாலும் கதவை மூடிவிடலாம். ஆனால் ஒருவர் திருட வந்தார் என்று குற்றம் சாட்ட அது போதுமா? ஊகத்தை உதவிக்குப் பயன்படுத்துவது வேறு. தீர்ப்புக்குப் பயன்படுத்துவது வேறு.

செய்து பாருங்கள்

சைக்கிள் மட்கார்டில் ஒட்டும் ஒளி திருப்பும் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, கறுத்த உடை அணிந்த நண்பரின் மூட்டுகளில் ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை உங்கள் கண்ணுக்கு அருகில் பிடித்து அவர் மீது ஒளி பாய்ச்சுங்கள். விஷயம் தெரியாத வேறொருவரை உங்களை ஒட்டி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நண்பர் அசையாதிருக்கும்போது என்ன தெரிகிறது? நடக்கும்போது, குனியும்போது, எதையோ தூக்குவது போல் பாவனை செய்யும்போது என்ன தெரிகிறது? தூக்கும் பொருள் கனமா, இலேசா என்பதும் புள்ளிகளிலிருந்து தெரிகிறதா?

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. குடை எதற்கெல்லாம் பயன்படுகிறது? அதைப் பிடித்திருப்பவரின் எந்த அசைவிலிருந்து, அந்நேரத்துப் பயனை நீங்கள் கண்டுகொள்வீர்கள்?
2. 'குடிக்கத் தக்க பாத்திரம்' என்பதைக் கணிப்பொறிக்கு விளக்க, நாற்காலிக்குக் கண்டது போல் நான்கு கேள்விகளை எழுதுங்கள். பூ வைக்கும் சாடியை உங்கள் கேள்விகள் விலக்குகின்றனவா?
3. மேலே கண்ட மேசைக் கணக்கில், காலை எட்டு மணிக்குத் தவறாமல் மருந்து உண்பவர் அவர் என்றும், மணி இப்போது எட்டு என்றும் கொள்ளுங்கள். முதலில் எடுத்துக்கொண்ட 50, 40, 10 என்ற எண்களை எவ்வாறு மாற்றுவீர்கள்? விடை எவ்வாறு மாறுகிறது?